இரண்டு தெருக்களுக்கு நடுவே நம் வீடு

அன்புள்ள குமரேசனுக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த வீட்டுப் படமும் வந்து சேர்ந்தன. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. படம் அழகாக இருக்கிறது. உன் கோயம்புத்தூர் நண்பருக்குக் கோடு போடத் தெரிகிறது. தெற்குப் பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தில் இரண்டு அறை, ஒட்டினாற்போல் குளியலறை, பின்னால் இருக்கும் திறப்பை அடைத்து ஆள் உயரத்துக்குச் சுவர், முன்னால் பூட்டுப் போட்ட இரும்புக் கேட். மாற்றல் கிடைத்து மதுரைக்கே வரப்போகிறாய், கல்யாணத்துக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்கிறாய். எல்லாம் சரி. "ஊர்ச் சனம் முழுக்க நம்ம வீட்டுக்குள்ள புகுந்து போறது போதும்மா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நீ படிப்புக்கென்று போனவன், வேலைக்கென்று போனவன். அந்தக் காலி இடம் சந்தான கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் என் தெருப் பைத்தியமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். உன் அப்பா பொறுத்துக்கொண்டதைப் போல நீயும் பொறுத்துக்கொள்.

நாம் முதலில் குடியிருந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் சந்தில், அந்தச் சந்திலிருந்தும் பிரியும் ஒரு முடுக்கில், நாலு குடும்பத்தோடு ஒண்டுக்குடித்தனம். உனக்கு ஆறு வயது இருக்கும்போது சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் உன்னைத் தொலைத்துவிட்டோம். உன் அப்பா ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம் அழுதுகொண்டே ஓடினேன். கடைசியில் இருவரும் வெறுங்கையோடு வீடு திரும்பினால், நீ வாசல்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். எப்படிடா வந்தாய் என்று உலுக்கினேன். "கோயில் செவத்தைத் தொட்டுக்கிட்டே நடந்தேன். நம்ம கோபுரம் வந்துச்சு. பெறகு நம்ம வீடு வந்துச்சு" என்றாய். வீடு ஏதோ தானாக நடந்து உன்னிடம் வந்த மாதிரி. முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு தூக்கி முத்தமும் கொடுத்தேன். உனக்கு அடி மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், இங்கேயே பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் பாடம் நடத்துகிறவள். ஆனாலும் அதுவரை தோன்றாத ஒரு கேள்வி அன்று தோன்றியது. இந்த ஊரில் ஏன் யாராலும் தொலைந்துபோக முடியவில்லை? கோவிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. எந்த வீதியில் போனாலும் நாலு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஏன் அப்படி என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தாமரைப்பூ மாதிரிக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ தேரைப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. தேருக்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது. கிளம்பிவிட்டால் முன்னால்தான் போக வேண்டும், போய் நிலைக்கு வந்து சேரவும் வேண்டும். அப்படியானால் வீதி எங்கேயும் முட்டிக்கொண்டு நிற்க முடியாது. சாமிக்காக வளையம் போட்டார்கள். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்ட மனிதர்கள் தங்கள் வசதிக்குச் சந்து போட்டுக்கொண்டார்கள். வெளி வீதி இருக்கும் இடத்தில் முன்பு கோட்டைச் சுவர் இருந்ததாம். சுவரை இடித்துத் தெருவாக்கியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உன் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மின்சார அலுவலகத்துக் குமாஸ்தா; ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருந்தார். "இடிச்சாங்கள்ல, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

உனக்கு எட்டு வயதானபோது சொந்த வீட்டு ஆசை வந்தது. பழைய ஊருக்குள் நம்மால் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வாங்க முடியாது. அவனியாபுரம் போகும் சாலையில் வயலை மனையாகப் போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். முனையில் கல் நட்ட வெறும் பொட்டல். சாலையிலிருந்து மூன்று தெருக்கள் மேற்கே போயின, அவ்வளவுதான் நகர். நமக்குக் கட்டுப்படியான விலையில் ஒரே ஒரு மனைதான் மிச்சமிருந்தது. மூன்றாவது தெரு நேராக வந்து முடிகிற இடத்தில், தெருவுக்கு எதிரே, தெருவையே பார்த்துக்கொண்டு. தெருக்குத்து மனை. யாரும் வாங்க மாட்டார்கள்; தெரு வந்து வீட்டைக் குத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நான் தயங்கினேன். உன் அப்பா தயங்கவில்லை. "தெருக்குத்துன்னா வெலை கொறவு. குத்துனா குத்தீட்டுப் போகுது, நம்ம என்ன தெருவுக்கு நடுவுலயா படுத்துத் தூங்கப் போறோம்" என்றார். ஆனாலும் முன்சுவரில் ஒரு மாடம் வைத்து அதில் சின்னப் பிள்ளையார் ஒன்றை உட்கார வைத்தார். தெருக்குத்து மனைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். வருகிற தெருவை அவர் பார்த்து நிறுத்திவிடுவார்.

வீடு மனையின் வடக்குப் பாதியில் எழும்பியது. தெற்குப் பாதியைக் காலியாக விட்டோம், பின்னாளில் உனக்கு ஆகும் என்று. இதை நான் மறைக்கவில்லை. அந்த இடம் உனக்கென்று விட்டதுதான்.

புது வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒன்று வேடிக்கையாக இருந்தது. நம் பின்சுவருக்கு அப்பால் வயல் கிடந்தது. கொஞ்ச காலத்தில் அதையும் மனையாகப் போட்டு வீடுகள் வந்தன. அந்த வீடுகளில் தாளிக்கிற வாசனை நம் அடுப்படிக்கு வரும். அவர்கள் வீட்டு ரேடியோவில் நாம் செய்தி கேட்போம். ஆனால் அங்கே ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டுமென்றால் நம் தெருவில் கிழக்கே நடந்து, சாலைக்குப் போய், சாலையோடு தெற்கே கண்மாய்க் கரை வரைக்கும் போய், அங்கே திரும்பி, அந்த நகரின் முகப்புக்குள் நுழைந்து, மறுபடி வடக்கே வர வேண்டும். வெயிலில் போய்ச் சேரும்போது பந்தியே முடிந்திருக்கும். நீ ஒரு தடவை அந்தப் பக்கத்துப் பையனோடு விளையாடப் போகிறேன் என்று கிளம்பி, வழி தெரியாமல் கண்மாய்க் கரையில் நின்று அழுது, பால்காரர் சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்தார். ஆறு வயதில் அம்புட்டுக் கூட்டத்தில் தொலையாத பிள்ளை, ஒன்பது வயதில் சொந்த வீட்டுக்குப் பின்னால் தொலைந்துபோனான்!

பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் செய்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவதற்கு மூன்று வெவ்வேறு வழிகளை வரைந்து கொண்டுவரச் சொன்னேன். மாசி வீதிப் பிள்ளைகள் மூன்று கேட்டால் ஐந்து வரைந்தார்கள். வெயில் காலத்துக்கு ஒன்று, நாய் இல்லாத வழி ஒன்று, அப்பா கடையைத் தாண்டாமல் வருகிற வழி ஒன்று. அவர்கள் தாள்களை அடுக்கிப் பார்த்தால் வலை மாதிரி இருந்தது. புதிய நகர்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஒரே கோட்டைச் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் வரைந்து வந்திருந்தாள். என்னடி இது என்றேன். "ஒரு வழிதான் டீச்சர் இருக்கு. அதான் மூணு கலர்ல போட்டேன்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தாளை நான் வீட்டுக்கு எடுத்து வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை ஒரு கோடு; அதிலிருந்து பற்கள் மாதிரித் தெருக்கள். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தாவ முடியாது. அடிக்கட்டைக்கு வந்துதான் போக வேண்டும். புது மதுரை முழுவதும் இப்படிச் சீப்பு சீப்பாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை இழுத்துக்கொண்டு போவேனே, நினைவிருக்கிறதா? ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, அது கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து அடுத்த நகருக்குச் சாலைக்கு வராமல் போக முடிகிறதா என்று பார்ப்பது. நமக்கு அதுதான் விளையாட்டு. பெரும்பாலும் ஒரு முள்வேலியிலோ, எருக்கம் புதரிலோ, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையிலோ போய் நிற்போம். "எங்கிட்டு போகணும்?" என்று கேட்பார்கள். எங்கேயும் போகவில்லை, வழி இருக்கிறதா என்று பார்க்க வந்தோம் என்று நான் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். உனக்கு வெட்கமாக இருக்கும், என் சேலையைப் பிடித்து இழுப்பாய். ஒரு முறை கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலையில் ஏறினோம். அப்பாவும் வந்திருந்தார். மேலே, கல்லில் வெட்டிய படுக்கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழக்கே தூரத்தில் கோபுரங்கள் தெரிகின்றனவா என்று பார்த்தோம். தெரிந்தன. அவற்றைச் சுற்றி ஊர், தோசைக்கல்லில் கரண்டியால் சுற்றிச் சுற்றி இழுத்த மாவு மாதிரி வட்டமாக. அதற்கு வெளியே பச்சை வயல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைச் சொட்டுகள். நாலைந்து வருடம் கழித்துப் பள்ளிச் சுற்றுலாவில் அதே இடத்துக்குப் போனேன். சொட்டுகள் பெருகியிருந்தன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போலவும் தெரிந்தன. கூட வந்த டீச்சர்கள் ஊர் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று வியந்தார்கள். எனக்குத் தெரியும், அவை ஒட்டவில்லை. கிட்டே போய்ப் பார்த்தவள் நான்.

ஏன் ஒட்டவில்லை? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. நம் நகரைப் போட்டவரும் பின்னால் இருக்கும் நகரைப் போட்டவரும் அண்ணன் தம்பி. ஒரே தகப்பன் வயலைப் பங்கு பிரித்துக்கொண்டவர்கள்; கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள். இருவரும் மனை விற்க அடித்த நோட்டீஸ்களை வாங்கி வந்து, நம் கூடத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் நோட்டீஸில் நம் மூன்றாவது தெரு மேற்கே வந்து நம் மனையில் முடிகிறது. தம்பி நோட்டீஸில் அவருடைய தெரு ஒன்று தெற்கிலிருந்து வந்து, திரும்பி, நம் பின்சுவரில் வந்து முடிகிறது. இரண்டு தெருக்கள் கைகொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் நம் வீடு உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் தன் வரப்போடு தெருவை நிறுத்திவிட்டு, அந்த முனையிலும் ஒரு மனை போட்டு அதையும் நம் தலையில் கட்டிவிட்டார். இப்படி இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்து யாருமே பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு தெருவும் அந்தந்தத் தாளின் ஓரத்தில் முடிந்துவிட்டது.

நேராக அண்ணன்காரரிடமே போய்க் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். "ரோட்டுக்கு எடம் விட்டது நானு, டீச்சர். அதுக்கு மண்ணடிச்சது நானு. அவங்கிட்ட மனை வாங்குனவன் எதுக்கு எம் ரோட்டுல நடக்கணும்?" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான், அவர் சொன்னபடி பார்த்தால் அவனியாபுரத்திலிருந்து கோவில் வரைக்கும் நான் நடக்க எத்தனை பேரிடம் மனை வாங்கியிருக்க வேண்டும் என்று யோசித்தேன். தம்பிக்காரரிடம் ஆள் விட்டுக் கேட்டதற்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வந்தது. கூடவே, தெருவுக்கு எதிரே தெரு வந்தால் தெருக்குத்து என்று மனை போகாது, அதனால், நடுவில் உங்கள் வீடு மறைக்கிற அந்த ஒன்றைத் தவிர, எந்தத் தெருவும் எதற்கும் நேராக வராமல் விலக்கி விலக்கித்தான் போட்டேன் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். பங்காளிச் சண்டை பாதி, தெருக்குத்துப் பயம் பாதி. இந்த இரண்டும் சேர்ந்துதான் நம் பக்கத்து மதுரையை வரைந்திருக்கின்றன. தேர் போவதற்காகப் போட்ட ஊரை நினைத்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் சொன்னது வேடிக்கை. இனிமேல் சொல்வது அப்படியல்ல.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் முதல் வீடு ராஜம்மாளுடையது. புருஷன் பஞ்சாலையில் ஷிப்டு வேலை. ஒரே பெண் செல்வி, அப்போது பத்து வயது இருக்கும். நாங்கள் முகம் பார்த்துப் பேசியது குறைவு, சுவருக்கு மேலே குரல்தான் பழக்கம். முருங்கைக்காய் இங்கிருந்து போகும், கறிவேப்பிலை அங்கிருந்து வரும். நீ அன்று பள்ளி முகாமுக்கு வாடிப்பட்டி போயிருந்தாய். விடுமுறை நாள், நானும் அப்பாவும் வீட்டில் இருந்தோம். மத்தியானம் நம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கி, அண்ணே, தம்பிக்காரர் போட்ட நகருக்கு எப்படிப் போகணும் என்று கேட்டார். பிரசவக் கேசாம், கூட்டிப்போக யாரோ சாலையில் நிறுத்தி அனுப்பினார்களாம், முதல் தெருவில் போய் முட்டி, இரண்டாவது தெருவில் போய் முட்டி, இப்போது மூன்றாவதிலும் வந்து முட்டி நிற்கிறார். உன் அப்பா கையை நீட்டி நம் வீட்டுக்குப் பின்னால் காட்டினார். "இந்தா இருக்கு. ஆனா நீங்க திரும்பி, ரோட்டுக்குப் போயி, கம்மாக்கரையைச் சுத்தி வரணும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்சுவருக்கு அப்பாலிருந்து செல்வியின் குரல் கேட்டது. "டீச்சர், எங்கம்மா எந்திரிக்க மாட்டேங்குது டீச்சர்."

ஆட்டோ முன்னால் நிற்கிறது, ராஜம்மாள் பின்னால் கிடக்கிறாள், நடுவில் நம் வீடு. உன் அப்பா கிணற்றடியில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கமாகப் போய்ப் பின்சுவரை இடிக்க ஆரம்பித்தார். வாழ்க்கையில் பேனாவைத் தவிர எதையும் தூக்காத மனிதர். டிரைவரும் ஓடி வந்து கல்லைப் பிடுங்கிப் போட்டார். திறப்பு விழுந்ததும் நான் அதற்குள் குனிந்து போனேன். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் முதல் முறையாகக் கால் வைத்தேன். ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, செல்வியும் ஒரு பக்கம் பிடிக்க, நாலு பேராகத் தூக்கி, நம் மனை வழியாகவே கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினோம். பிள்ளையாரைத் தாண்டும்போது ராஜம்மாள் கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ராஜம்மாள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை, ஆண் பிள்ளை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரையும் குறையாகச் சொல்லவில்லை, இருந்ததைத்தான் சொன்னார்கள். இனி அவளுக்குப் பிள்ளை தங்காது என்றும் சொன்னார்கள். நீ முகாமிலிருந்து திரும்பி வந்து, சுவர் ஏன் இடிந்து கிடக்கிறது என்று கேட்டாய். பக்கத்து அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்று மட்டும் சொன்னேன். நீயும் சரி என்று விளையாடப் போய்விட்டாய். உனக்குத் தெரிந்த பாதி அதுதான்.

இடிந்த கல்லை அடுக்கி வைத்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று இருந்தோம். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. அதற்குள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு அந்த வழியாக வர ஆரம்பித்துவிட்டன. பிறகு ஆலைக்குப் போகிறவர்கள், காய்கறிக் கூடைக்காரி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காதர் பாய். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு போவார்கள், பீடித்துண்டு கிடக்கும். நம் தெருக்காரர்கள் வேறு, களவு போகும், கண்டவன் நுழைவான் என்று வந்து சொன்னார்கள். ஒன்றும் களவு போகவில்லை. போகப்போக ஒவ்வொருவரையும் எனக்குத் தெரிந்தது. இத்தனை மணிக்கு இன்னார் போவார் என்று பார்த்து நான் அடுப்பில் உலை வைக்க ஆரம்பித்தேன். தெருவை நிறுத்தச் சொல்லி நாம் வைத்த பிள்ளையாருக்குப் பரீட்சைக் காலத்தில் இரண்டு நகர்ப் பிள்ளைகளும் வந்து சிதறு தேங்காய் உடைக்கின்றன. அண்ணன்காரரே ஒரு நாள் அந்த வழியாகவே தன் தம்பி வீட்டுத் துக்கத்துக்குப் போனார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு உன் அப்பா ஓட்டு வீட்டைத் தளமாக மாற்றியபோது, நாலு மூலையிலும் கம்பியை வெளியே நீட்டி விடச் சொன்னார். இவ்வளவு கம்பியை ஏன் வீணடிக்கிறீர்கள் என்று நான் சண்டை போட்டேன். "கீழ எடமில்லைன்னு ஆயிப்போச்சு. இவன் கட்டணுமின்னா மேல கட்டட்டும்" என்றார். நீ அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டாய், பட்டம் கட்டினாய், மொட்டை மாடிக்கு எதற்கு இந்த முள் என்று திட்டினாய். அது உன் அறைக்காக விட்டது. துருப்பிடித்திருக்கிறது, ஆனால் கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். சுரண்டிவிட்டுக் கட்டலாம், அஸ்திவாரமும் தாங்கும் என்கிறார்.

இப்போது செல்விக்கு வருகிறேன். உங்கள் கல்யாணத்தைத் தரகர் யாரும் பேசி முடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நான் பெண் பார்க்கவும் போகவில்லை. பத்து வயதிலிருந்து அவள் என் அடுப்படி ஜன்னலைத் தாண்டிப் போனாள். பள்ளிக்கூடப் பையோடு போனாள், பிறகு தாவணியில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனாள், இப்போது சேலையில் ஆபீசுக்குப் போகிறாள். உன் அப்பா இறந்த மாதத்தில், நின்று என்ன வேண்டும் டீச்சர் என்று கேட்காமல் ஒரு நாளும் போனதில்லை. நீயும் லீவுக்கு வரும்போதெல்லாம் காலையில் அந்தப் பக்கமாகவே நின்று பல் தேய்த்தாய். அவ்வளவு நேரம் பல் தேய்க்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. சரி, அது இருக்கட்டும்.

நான் கேட்கப் போனபோது ராஜம்மாள் உடனே சம்மதம் சொல்லவில்லை. அவளைப் பற்றி இதுவரை உனக்கு எழுதாத ஒன்று இது. அவளுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. கண்மாய்க் கரையைச் சுற்றி வருவது இனி அவளால் ஆகாது. தடவித் தடவி நம் சுவர் வரைக்கும் வருவாள், அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒத்தப் பிள்ளை, டீச்சர். எம்புட்டோ எடம் வந்துச்சு. தூரமின்னு வேணாமின்னுட்டேன். உங்க வீடுன்னா சரி. அந்தச் சந்து இருக்குற வரைக்கும் எம் மக எங்கிட்டும் போகலைன்னு நெனச்சுக்கிருவேன்."

"இருக்கும்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

குமரேசா, நீ என்னோடு வந்து இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் பேச்சுத் துணைக்குச் சந்தில் போகிறவர்கள்தான். அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் நீ வேறு எங்காவது வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் கொடுக்க மாட்டேன். மாடியில் கட்டிக்கொள். என்னால் படி ஏற முடியாது, அதனால் உங்கள் சண்டையைக் கேட்க மேலே வர மாட்டேன் என்ற லாபமும் உனக்கு உண்டு. இல்லை, தனியாகத்தான் போவேன் என்றால், வீடு பார்க்கும்போது அறையை அளக்காதே. வாசலில் இறங்கி அந்தத் தெரு எங்கே போகிறது என்று நடந்து பார். அடுத்த தெருவுக்குப் போகிறதா, சுவரில் போய் நிற்கிறதா என்று பார். உன்னை இத்தனை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இழுத்தடித்ததற்கு இந்தப் பலனாவது இருக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்வி ஆபீசுக்குப் போகிறாள். ஜன்னலில் தலையை நீட்டி, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றாள். இனிமேல் அத்தை என்று கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன், வாயில் வரவில்லை. சாயங்காலம் இதே வழியாகத்தான் திரும்பி வருவாள். நீ சுவர் வைத்தே தீருவது என்றால், அவள் இந்தப் பக்கம் இருக்கும்போது வைப்பதா, அந்தப் பக்கம் இருக்கும்போது வைப்பதா என்பதை மட்டும் எனக்கு எழுது.

உன் அம்மா